சுவரிலிருந்து ஒரு முழம்

அக்டோபர் 14, செவ்வாய்

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்காருவதற்கு மன்னிக்கணும். யாரிடம் மன்னிப்பு கேட்கிறேன் என்று தெரியவில்லை. இந்த டைரியிடம் என்று வைத்துக்கொள்ளலாம். புத்தாண்டுக்கு என் வீட்டுக்காரர் கம்பெனியில் கொடுத்தது, பிரிக்காமலே கிடந்தது. பாப்பா தூங்கினால்தான் என் கை காலியாகிறது. காது அப்போதும் காலியாவதில்லை. அவள் மூச்சையே கேட்டுக்கொண்டிருக்கும்.

இன்று வில்லியனூரில் டாக்டரிடம் காட்டினோம். பாப்பா நிறைமதிக்கு இரண்டரை வயசு. ஆடி மாசத்திலிருந்து மூச்சு இழுப்பு வருவதும் போவதுமாக இருக்கிறது. டாக்டரம்மா முதுகில் வைத்துக் கேட்டுவிட்டு, மருந்து எழுதுவதற்கு முன்னால், "வீட்ல ஏதாவது சுவர் ஓதம் அடிக்குதா?" என்றார்.

நான் "ஆமா" என்றேன். அதே நேரத்தில் பக்கத்தில் இருந்த என் மாமியார், "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றார்.

டாக்டரம்மா இரண்டு பேரையும் பார்த்தார். "அந்த ஈரம் போகாம நான் எவ்வளவு மருந்து கொடுத்தாலும் திரும்பித் திரும்பி வரும்" என்றார். திரும்பி எங்கள் ஊர் உறுவையாறு வந்து இறங்கும்போது அத்தை, "வூட்டு சேதியெல்லாம் ஆஸ்பத்திரில சொல்லணுமா இன்னா" என்றார்.

அக்டோபர் 15, புதன்

புரட்டாசியில் அவர் அடித்த ஓதம் தடுக்கும் பெயிண்ட் சுவரெல்லாம் பூரி மாதிரி உப்பியிருக்கிறது. பாப்பா ஒன்றை விரலால் குத்தினாள். உள்ளேயிருந்து தண்ணீர் வழிந்தது.

அக்டோபர் 17, வெள்ளி

வெள்ளிக்கிழமை. அத்தை குளித்துவிட்டு, செம்பில் மஞ்சள் தண்ணீர் எடுத்துக்கொண்டு பக்கவாட்டுக்குப் போய் மரத்துக்கு ஊற்றினார். படுக்கை ரூம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் என் கவலை. போவதற்கு இடமே இல்லை.

இதை ஒழுங்காக எழுதி வைக்கலாம். எழுதினால் தலைக்குள் கொஞ்சம் அடங்கும்.

அது கல்யாண முருங்கை. அவருடைய தங்கை சரண்யாவின் கல்யாணம் இந்த வீட்டு வாசலில்தான் நடந்தது, நான் வருவதற்கு முன்னால். பந்தக்காலோடு கட்டியிருந்த கொம்பை மூன்றாம் நாள் பிடுங்கி, பக்கச் சுவரோரம் நட்டிருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் செய்வதுதான். கொம்பு துளிர்த்தால் பெண் வாழ்க்கை துளிர்க்கும். இது ஒரே வாரத்தில் துளிர்த்ததாம். ஒரு புயலில் பெரிய கிளை ஒடிந்தது. அடுத்த மாதம் சரண்யாவுக்கு மூன்று மாசக் கரு கலைந்தது. அதற்குப் பிறகு நாலு வருஷம் ஒன்றும் இல்லை. இப்போது ஆறு மாசம். பாகூரில் இருக்கிறாள். கார்த்திகையில் வளைகாப்பு.

அந்த மரத்தைப் பற்றி நான் எப்படி வாயைத் திறப்பது?

ரெண்டு வருஷம் முன்னால் ரோட்டை உயர்த்திப் போட்டார்கள். மழைத் தண்ணீர் எங்கள் பக்கவாட்டில் நின்று, மரத்தின் இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. அத்தை பதறிப்போய், ரெண்டு டிராக்டர் சவுடு மண் அடிக்கச் சொன்னார். சுவரோரம் முழுக்க மண் ஏறியது. அப்புறம் என் வீட்டுக்காரருக்கு ஆசை வந்தது. மேலே கொரியன் புல், இட்லிப்பூச் செடி, குரோட்டன்ஸ், மண் கரையாமல் இருக்க ஓரத்தில் ஹாலோ பிளாக் வரிசை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. நானும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். "ரிசார்ட் மாதிரி இருக்குடி" என்று கூடப் படித்த ஸ்டெல்லா போட்டாள்.

பாப்பா கட்டில் அந்தச் சுவரோரம். ரூமில் வேறு இடம் இல்லை.

அக்டோபர் 20, தீபாவளி

பட்டாசுப் புகைக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் சாத்தினோம். புகை வரவில்லை. பூசண வாடை வந்தது. மத்தியானம் இழுப்பு. நெபுலைசர் வைத்தபோது பாப்பா என் புதுப்புடவையைக் கடித்துக்கொண்டே இருந்தாள்.

அத்தை முள்ளுமுருங்கை இலை அரைத்து அடை தட்டி ஊட்டினார். அதே மரத்து இலைதான். "சளிக்கு இத மிஞ்சின மருந்து இன்னா இருக்குது? இத போயி குத்தம் சொல்றீங்க." பாப்பா ரெண்டு அடை சாப்பிட்டாள், அதுவும் உண்மை.

அக்டோபர் 23, வியாழன்

இன்று ஒன்று கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. தினமும் கண் முன்னால் இருந்தது.

ரூமுக்குள் நின்றால் ஜன்னல் கட்டை என் இடுப்புக்கு வருகிறது. வெளியே போய்ப் புல் மேல் நின்று பார்த்தேன். தொடைக்கு வருகிறது. அப்படியென்றால் வெளியே மண், உள்ளே தரையை விட உயரம். எங்கள் ரூம் பள்ளத்துக்குள் இருக்கிறது. பாப்பா தலை வைத்துப் படுக்கும் உயரத்துக்கு அந்தப் பக்கம் ஈரமண்.

அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்தார். களைக்கொத்தை எடுத்து, மரத்திலிருந்து தள்ளி, பக்கக் கதவோரம் புல்லைப் பிரித்துத் தோண்டினேன். முதலில் ஒரு படி வந்தது. அதற்குக் கீழே இன்னொரு படி. மண் அடிப்பதற்கு முன்னால் அந்தக் கதவுக்குப் படி இருந்ததையே மறந்துவிட்டிருக்கிறேன். அதற்கும் கீழே சுவரில் பழைய நீலப் பட்டை, மாமனார் வீடு கட்டினபோது அஸ்திவாரம் முடிகிற மட்டத்தில் அடித்தது. அந்தப் பட்டைக்குக் கீழேதான் மண் இருந்திருக்க வேண்டும். தொட்டால் செங்கல் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

புல்லைத் திரும்ப வைத்து மூடிவிட்டேன். ஏன் மூடினேன்? திருடி மாதிரி.

அக்டோபர் 24, வெள்ளி

அவர் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கூட்டிக்கொண்டு போய் உள்ளேயும் வெளியேயும் நிற்க வைத்தேன். ஜன்னல் கட்டையைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"மண்ண எடுத்தா ரோட்டுத் தண்ணி நேரா வூட்டுக்குள்ள வந்து ஒக்காரும். அப்ப இன்னா பண்ணுவ?"

அது நியாயம்தான். நெட்டில் படித்ததை எல்லாம் சொன்னேன். எல்லா மண்ணையும் எடுக்க வேண்டாம். சுவரை ஒட்டி ரெண்டு அடி அகலத்துக்கு மட்டும், நீலப் பட்டைக்கு ஒரு சாண் கீழே வரை எடுக்கணும். அந்த இடத்தில் செடி கூடாது, புல் கூடாது, ஜல்லி மட்டும். கொல்லைப் பக்கம் சரிவு வைத்தால் விழுகிற தண்ணீர் ஓடிவிடும். அந்த ரெண்டு அடிக்கு அப்பால் செடிகள் இருக்கலாம். ரோட்டோரம் மண் உயரமாகவே இருக்கட்டும், அது வரப்பு மாதிரி வெளித்தண்ணீரைத் தடுக்கும். ஹாலோ பிளாக்கைக் கொல்லை மூலையில் திறந்துவிடணும். இப்போது அது தொட்டி மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது.

"எல்லாம் சரி. மரம்?" என்றார்.

மரம் சுவரிலிருந்து ஒரு முழம். அந்த ரெண்டு அடிக்குள்ளேதான் நிற்கிறது.

"அத நீ அம்மாகிட்ட பேசிக்க" என்று குளிக்கப் போய்விட்டார். அவர் அம்மாதானே? என் அம்மாவா?

அக்டோபர் 26, ஞாயிறு

பேசினேன். அத்தை நீலப் பட்டையை வந்து பார்த்தார். உதிர்ந்த செங்கலை எடுத்துக் கையில் தேய்த்துப் பார்த்தார். "அந்த மனுசன் கடன ஒடன வாங்கி கட்டுன வூடு" என்றார். மண் எடுக்கச் சம்மதம். ஆனால் மரத்தைச் சுற்றி நட்டு வைத்தார் நாலு குச்சி. "இதுக்குள்ள மம்முட்டி வரக்கூடாது. சொல்லிட்டேன்டா எழிலு" என்றார் மகனிடம்.

அவர் வெட்டினார், நான் சட்டியில் அள்ளிக் கொல்லையில் கொட்டினேன். பாப்பா ஒவ்வொரு படி வெளியே வரும்போதும் ஏறி நின்று குதித்தாள். மரத்தடி மேடு மட்டும் சுவரோடு ஒட்டி அப்படியே நிற்கிறது, வெட்டிய கேக்கில் மீந்த துண்டு மாதிரி. அந்த மேட்டுக்கு நேர் உள்ளே கட்டில்.

கை கொப்பளித்துவிட்டது. இருந்தாலும் இன்று கொஞ்சம் நிம்மதி.

நவம்பர் 3, திங்கள்

மூன்று நாளாக மழை. ஜல்லி போட்ட இடத்தில் தண்ணீர் நிற்கவேயில்லை, கொல்லைக்கு ஓடுகிறது. கதவுப் பக்கச் சுவர் வெளிர ஆரம்பித்திருக்கிறது. அவர் தொட்டுப் பார்த்து, "பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிக்கு இஞ்சினீயர் வேலையா" என்று கிண்டல் செய்தார்.

கட்டிலுக்குப் பின்னால் மட்டும் முன்னை விட மோசம். மற்ற இடத்துத் தண்ணீரையும் அந்த மேடு உறிஞ்சி வைத்துக்கொள்கிறதோ? சுவரில் கறுப்புப் புள்ளிகள், பாப்பாவின் தலையணை உறையிலும். கட்டிலை இழுத்து ரூம் நடுவில் போட்டிருக்கிறேன். கதவு பாதிதான் திறக்கிறது. ஹாலில் அத்தையோடு படுக்க வைத்தும் பார்த்தாயிற்று. வீடே அந்த வாடைதான்.

ஃபோனில் சரண்யா அத்தையிடம், "மரம் பூத்துச்சாம்மா?" என்று கேட்டது காதில் விழுந்தது. "இப்ப எப்டி பூக்கும், மாசி ஆவணும். நல்லா பச்சப்பசேல்னு கீது, நீ கவலப்படாத" என்றார் அத்தை.

நவம்பர் 5, புதன்

சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன்.

காலையிலிருந்தே பாப்பாவுக்கு இழுப்பு. அத்தை அம்மியில் அந்த இலையை அரைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அத்தை, அந்த மரத்தடி மண்ண எடுக்காம இது நிக்காது" என்றேன்.

"நிக்கும். ஐப்பசி குளிரு. எல்லா புள்ளைக்கும்தான் கீது."

"எல்லா புள்ளையும் அந்தச் செவுத்துப் பக்கம் படுக்கல."

"இன்னாடி எப்ப பாரு செவுரு செவுருன்னு."

அப்புறம்தான் அது வந்தது. யோசித்துச் சொல்லவில்லை, ஆனால் ரொம்ப நாளாக உள்ளே இருந்தது. "தலப்பிரசவத்துக்கு சரண்யா இங்கதான வருவா? இந்த ரூம்லதான படுப்பா? அவ புள்ளயும் இதே செவுத்த மோந்துக்கிட்டுதான் மூச்சு வுடும்."

அம்மி நின்றது. அத்தை என்னைப் பார்க்கவில்லை. குழவியைப் பார்த்துக்கொண்டே, "வயித்துல இருக்கறதுக்கே நீ இழுப்பு வெக்கிறியா" என்றார். சத்தமாகக் கூடச் சொல்லவில்லை.

நான் சாபம் விடவில்லை. விடவில்லை. உண்மையைத்தானே சொன்னேன் — ஆனா வயித்துப் புள்ளய வச்சு ஏன்டி சொன்ன? வேற வார்த்தையே கிடைக்கலையா உனக்கு?

நவம்பர் 6, வியாழன்

அத்தை பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தனியாக எடுத்துப் போகிறார்.

நவம்பர் 10, திங்கள்

இப்போது பாப்பா வழியாகப் பேச்சு நடக்கிறது. "மதி, ஒங்கம்மாவ வந்து துன்ன சொல்லு." பாப்பா ஓடி வந்து, "துன்னு" என்கிறாள். சிரிப்பு வந்தது, அத்தைக்கும் வந்திருக்கும். ரெண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

அவரிடம் சொன்னேன். "நீ சொன்னது தப்பில்ல, சொன்ன விதம் தப்பு" என்றார். அப்புறம், "ராத்திரியோட ராத்திரியா நான் வெட்டிடட்டுமா? காத்துல சாஞ்சிடுச்சின்னு சொல்லிடலாம்" என்றார்.

ஒரு நிமிஷம் சரி என்று சொல்லத் தோன்றியது. ஒரு நிமிஷத்துக்கும் மேலேயே தோன்றியது.

வேண்டாம் என்றேன். கிளை ஒடிந்ததையே அத்தை இத்தனை வருஷம் சுமக்கிறார். மரம் தானே சாய்ந்தது என்று சொன்னால், அன்றிலிருந்து சரண்யாவுக்குப் பிரசவம் ஆகும்வரை அத்தை கண் மூடுவாரா? நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? எழுதவே கை வரவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. படித்தவள்தான், மரத்துக்கும் கருவுக்கும் சம்பந்தம் இல்லை என்று தெரியும். தெரிந்தும் பயமாக இருக்கிறது.

சரண்யாவுக்காகவும் சாமி கும்பிடுகிறேன். அது யாருக்குத் தெரியும்?

நவம்பர் 14, வெள்ளி

பாப்பா தூங்குகிறாள். நன்றாகத் தூங்குகிறாள். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

வளைகாப்புக்கு வளையல் வாங்கி வரச் சொல்லி, பாப்பா மூலமாகச் சொல்லியனுப்பினார் அத்தை. வில்லியனூர் போனேன். அவர் முதல் ஷிஃப்ட். கடையில் நல்ல கூட்டம், ஃபோன் பைக்குள் அடித்தது கேட்கவில்லை. எடுத்துப் பார்த்தால் வரிசையாக அத்தை நம்பர். திரும்பக் கூப்பிட்டால் ஆட்டோக்கார மாரிமுத்து அண்ணன் எடுத்தார். "ஒண்ணும் பயப்படாதம்மா, ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். நீ அங்க வா."

வளையலைக் கடையிலேயே விட்டுவிட்டேன்.

போனபோது அத்தை பெஞ்சில் உட்கார்ந்து பாப்பாவை மடியில் வைத்து, மூக்கில் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். காலில் செருப்பு இல்லை. நான் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன், கொடுக்கவில்லை. இவ்வளவு நாளும் இழுப்பு வந்தால் நான்தான் தூக்கிக்கொண்டு ரூமுக்குள் போவேன். அத்தை இலை பறிக்கப் போவார். இன்றுதான் தனியாக, பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்.

ரொம்ப நேரம் கழித்து, பாப்பாவின் தொண்டைக் குழியை விரலால் காட்டி, "இங்க இப்டி உள்ள போவுமா, ஒவ்வொரு வாட்டியும்?" என்றார். ஒன்பது நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"ஆமா அத்தை."

"ஒதடு நீலமா ஆச்சுடி."

அப்படி இதுவரை ஆனதில்லை. அத்தை நகர்ந்து, உட்கார இடம் விட்டார்.

நவம்பர் 15, சனி

பாப்பா மருந்து மயக்கத்திலேயே இருக்கிறாள். நேற்று வெள்ளிக்கிழமை விட்டுப்போன மஞ்சள் தண்ணீரைக்கூட அத்தை மரத்துக்கு ஊற்றவில்லை. செம்போடு வெளியே போய், செம்போடு திரும்பி வந்தார்.

நவம்பர் 16, ஞாயிறு

காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அத்தை வாசற்படியில் நின்று, "மரத்தாண்ட எவ்ளோ ஆழம் எடுக்கணும்?" என்றார்.

"மத்த இடம் மாதிரிதான். நீலப் பட்டைக்கு ஒரு சாண் கீழ."

"வேரு?"

"பாதிக்கு மேல போயிடும் அத்தை. மரம் நிக்காது." பொய் சொல்லக்கூடாது என்றுதான் உள்ளதைச் சொன்னேன்.

அத்தை தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டே, "கொம்பாதான வந்துது" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

அரிவாளை எடுத்து அத்தையே வெட்டினார். தன் மகனைக் கூடப் பக்கத்தில் விடவில்லை. கை கனத்தில் ரெண்டு கொம்பு. முள்ளைச் சீவி, வெட்டின முனையில் சாணி அப்பினார். ஒன்றைக் கொல்லையில் போர்வெல்லுக்கு அந்தப் பக்கம், வீட்டுச் சுவரிலிருந்து நல்ல தூரத்தில் நட்டார். நான் நடந்து அளந்து காட்டியபோது, "இன்னும் தள்ளியே நடறேன், போதுமா?" என்று இன்னும் நாலடி தள்ளினார். இன்னொன்றை ஈரச் சாக்கில் சுற்றி, பாத்ரூம் நிழலில் சாய்த்து வைத்திருக்கிறார்.

அடிமரம் அப்படியே நிற்கிறது. என் வீட்டுக்காரர் மண்வெட்டியோடு வந்தார். அத்தை கையைக் காட்டி நிறுத்தினார். "அவளுது. அவ வாயால சரின்னு சொல்லட்டும். அப்புறம் தொடு."

"அப்ப நீங்களே ஃபோன் பண்ணுங்க அத்தை."

"நான் பேசுனா அழுதுடுவேன். வயித்துக்காரி பயந்துக்குவா. நீ எழுது. நீ படிச்சவதான?" அதில் கொஞ்சம் குத்தல் இருந்தது. இருக்கட்டும்.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை பிறந்துவிட்டது. பாப்பாவுக்கு இன்னும் லேசாக நெஞ்சில் சத்தம். சுவர் காய மாசக்கணக்கில் ஆகும். ஃபோனில் அனுப்புவதற்கு முன் இங்கே எழுதிப் பார்க்கிறேன். அத்தை எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறார். எழுதி முடித்ததும் படித்துக் காட்டணுமாம்.

சரண்யா, சாப்பிட்டியா? கால் வீக்கம் குறைஞ்சிருக்கா? உன்னைப் பயமுறுத்த இதை எழுதலை. வெள்ளிக்கிழமை பாப்பாவுக்கு ரொம்ப முடியாம போச்சு, இப்ப பரவாயில்லை. அந்த ரூம் சுவர் ஓதத்தாலதான்னு டாக்டர் சொல்றாங்க. மரத்தடி மண் சுவரோட ஒட்டி இருக்கு, அதை எடுக்காம சுவர் காயாது. எடுத்தா மரம் நிக்காது. தை மாசம் நீயும் அந்த ரூமுக்குத்தான் வரப்போற. அதுக்குள்ள சுவரைக் காய வச்சிடணும்னு பாக்கறேன். இதை நான் ஒரு தடவை வேற மாதிரி சொல்லி அத்தை மனசை நோகடிச்சிட்டேன். உனக்குக் கெட்டது நினைச்சு சொன்னதில்லை, சத்தியமா.

அத்தையே கையால ரெண்டு கொம்பு வெட்டியிருக்காங்க. ஒண்ணு இங்க கொல்லையில நட்டாச்சு. ஒண்ணு உனக்கு. உங்க அண்ணன் பாகூருக்குக் கொண்டுவந்து தருவாரு. உங்க வீட்டுச் சுவர்லேர்ந்து நல்லா தள்ளி, தண்ணி நிக்காத இடமா எங்க நடலாம்னு பார்த்து வை.

இங்க அடிமரத்தை எடுக்கலாமா, வேண்டாமா? நீ சொல்றதுதான். வேண்டாம்னா வேண்டாம், நாங்க வேற வழி பாக்கறோம். ஆனா சாக்குல இருக்கற கொம்பு ரெண்டு மூணு நாள்தான் ஈரம் தாங்கும்னு அத்தை சொல்றாங்க. மழையும் திரும்ப வருதாம். சீக்கிரம் பதில் போடு.